பூமேசாவின் ஐஸ்கிரீம் டப்பா

அத்தியாயம் ஒன்பது

நொமாலிசோவின் கணவர் சிந்திலே இறந்த அன்றே அவர் படுத்திருந்த கட்டிலைக் கழற்றி வீட்டின் பின்புறம் சாய்த்துவிட்டார்கள். படுக்கையறையில் இப்போது வெறும் மெத்தைதான். அதன்மேல், சுவரில் முதுகைச் சாய்த்து, கறுப்புப் போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டு நொமாலிசோ உட்கார்ந்திருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குக் கிளம்பியவர், சட்டைப் பொத்தானைப் போட்டபடியே சரிந்துவிட்டார். தென்னாப்பிரிக்காவின் ம்தன்ட்சானே ஊர்த் தெருக்களில் அவர் ஓட்டிய பேருந்தில் ஏறாதவர்கள் குறைவு. சனிக்கிழமை அடக்கம். அதுவரை விதவை மெத்தையை விட்டு எழக் கூடாது. வாசல் கேட்டைத் தாண்டவே கூடாது. தெருப் பெண்கள் முறை வைத்துக்கொண்டு அவளோடு உட்கார்ந்திருப்பார்கள். அவளைத் தனியாக விடுவது பாவம்.

இன்று வியாழன்.

மகள் சுகிஸ்வா அடுப்படியில் ஸ்கோன் ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தாள். துக்கம் கேட்க வருகிறவர்களுக்குத் தேநீரோடு கொடுக்க அது வேண்டும். அம்மாவின் போன் ஜன்னல் விளிம்பில் இருந்தது. அது கூவியதும் மாவுக் கையோடு எடுத்துப் பார்த்தாள்.

அப்பாவின் ஈமச்சடங்குக் காப்பீடு ஏற்கப்பட்டுவிட்டது. இருபதாயிரம் ராண்ட் இன்று அம்மாவின் கணக்கில் விழும்.

அவள் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். சவப்பெட்டிக்கும் வண்டிக்கும் கூடாரத்துக்கும் பதினோராயிரம். மீதி ஒன்பது. அப்பாவின் சம்பளம் இனி இல்லை. பேருந்துக் கம்பெனியிலிருந்து வரவேண்டிய சேமநிதி மாதக்கணக்கில் இழுக்கும். அம்மாவின் சமையல் கூலியும் சுகிஸ்வாவின் கடைச் சம்பளமும் மின்சாரத்துக்கும் அரிசிக்குமே போதாது. இந்தக் குளிர்காலத்தை அந்த ஒன்பதாயிரத்தை வைத்துத்தான் தாண்டியாக வேண்டும். அது போய்விட்டால் வேறு எதுவும் இல்லை.

கையைத் துடைத்துக்கொண்டு அறைக்குள் போனாள். நான்கு பெண்கள் சுவரோரம் உட்கார்ந்திருந்தார்கள். பிரார்த்தனைக் குழுவின் தலைவி மாடோலோ, சிவப்பு மேலங்கியும் வெள்ளைத் தொப்பியுமாக நடுவில் இருந்தாள். சுகிஸ்வா தலையணையைச் சரிசெய்வதுபோலக் குனிந்தாள்.

"அம்மா, பாலிசிப் பணம் வரப்போகுது. கார்டு எங்க வெச்சிருக்கீங்க?"

நொமாலிசோ பெண்களைப் பார்த்தாள். பிறகு மகளைப் பார்த்தாள். "தாகமா இருக்கு. தண்ணி கொண்டா" என்றாள்.

சுகிஸ்வா தம்ளரைக் கொடுத்தாள். அம்மா அதை வாயருகே பிடித்துக்கொண்டாள். ஆனால் குடிக்கவில்லை. தம்ளருக்குள் பேசுவதுபோல மெதுவாகச் சொன்னாள்.

"பூமேசாகிட்ட இருக்கு."

சுகிஸ்வாவுக்கு அப்போதும் புரியவில்லை. "அவங்ககிட்ட எதுக்கு?"

"அன்னிக்கு ராத்திரி ஜனங்க வந்துட்டே இருந்தாங்க. வீட்டுல சக்கரை இல்ல. ஒரு பிஸ்கட் இல்ல. ரெண்டாயிரம் வாங்கினேன். கார்டையும் அடையாள அட்டையையும் குடுத்தேன். ரகசிய எண்ணும்."

"எவ்வளவு வட்டி?"

"நூத்துக்கு அம்பது. மாசக் கடைசியில மூவாயிரம்." அம்மா தம்ளரை இறக்கினாள். "என் சமையக்கூலி தானே அந்தக் கணக்குல விழும், அதுல எடுத்துக்கட்டும்னு நெனச்சேன். பாலிசியும் அங்கதான் விழும்ங்கறது அப்ப ஞாபகம் வரல. உங்கப்பா அந்த ரூமுல படுத்திருந்தாரு, சுகி. எனக்கு எதுவும் ஞாபகம் வரல."

மாடோலோ வேதப் புத்தகத்தில் பக்கத்தைப் புரட்டினாள். கேட்டாளா இல்லையா என்று முகத்திலிருந்து சொல்ல முடியவில்லை.

*

பூமேசாவின் கடை அவள் வீட்டுக் கார் கொட்டகையில் இருந்தது. கம்பி வலைக்குப் பின்னால் ரொட்டி, மெழுகுவத்தி, மண்ணெண்ணெய், தனித்தனியாக விற்கும் சிகரெட். முட்டை அட்டைகளுக்குப் பக்கத்தில் இரண்டு லிட்டர் ஐஸ்கிரீம் டப்பா ஒன்று எப்போதும் இருக்கும். அதில் ஐஸ்கிரீம் இருந்து எவரும் பார்த்ததில்லை.

"வா கண்ணு. உக்காரு. சாப்பிட்டியா?" என்றாள் பூமேசா. "சனிக்கிழமை நானும் வரேன். உங்கப்பன் நல்ல மனுசன். ஒருநாளும் என்னை நிறுத்தத்துல விட்டுட்டுப் போனதில்ல."

"அக்கா, அம்மா கார்டை வாங்கிட்டுப் போலாம்னு வந்தேன்."

"மாசக் கடைசியில தானே கணக்கு."

"இப்ப எண்ணூறு தரேன். மீதிய அடக்கம் முடிஞ்சதும்."

பூமேசா சிரித்தாள். கெட்ட சிரிப்பு இல்லை. "ஒரு கால் செருப்ப வித்து யாராவது பாத்திருக்கியா? மொத்தமும் குடு, கார்டும் அடையாள அட்டையும் இந்தா. இல்லைன்னா ரெண்டும் இங்கயே பத்திரமா இருக்கும்."

டப்பாவைத் திறந்து காட்டினாள். ரப்பர் பேண்டு போட்ட கட்டுகளாக அட்டைகள். ஓய்வூதிய அட்டை, சம்பள அட்டை, பிள்ளைகள் உதவித்தொகை அட்டை. ஒவ்வொன்றிலும் பிளாஸ்டர் ஒட்டி நான்கு எண் எழுதியிருந்தது. பாதித் தெரு அதற்குள் படுத்திருந்தது.

"பயப்படாத. நான் திருடி இல்ல. பணம் விழற அன்னிக்கு நானே மெஷினுக்குப் போவேன். என்னுதை எடுத்துக்குவேன். மீதிய உன் அம்மா கையில வெப்பேன். யாரை வேணா கேளு." டப்பாவை மூடியபடி சேர்த்துச் சொன்னாள். "பாலிசிப் பணமும் வருமே. அதுல உங்கப்பன் வெச்ச பாக்கியும் சேத்து எடுத்துக்கறேன்."

"அப்பா எப்ப உங்ககிட்ட வாங்கினாரு?"

"ஆம்பளைங்க வீட்டுல சொல்லிட்டா வாங்குவாங்க? எட்டாயிரத்துச் சொச்சம் ஆயிருச்சு."

"அப்ப அவரு கார்டு எங்க? கார்டு வாங்காம நீங்க ஒரு ரொட்டி கூடக் கடனா குடுக்க மாட்டீங்களே."

பூமேசா வலைக்கு அந்தப் பக்கம் நின்ற ஒருவனுக்கு இரண்டு சிகரெட்டை நீட்டினாள். சில்லறையை வாங்கி நிதானமாகப் பெட்டியில் போட்டாள்.

"உங்கப்பன் வாக்கே போதும்னு விட்டுட்டேன்" என்றாள்.

வெளியே வந்ததும் சுகிஸ்வாவுக்குத் தன் தவறு புரிந்தது. இன்றைக்குத்தான் கார்டைத் தேடி வந்திருக்கிறாள் என்றால் பணம் இன்றைக்குத்தான் வருகிறது என்று அர்த்தம். அதைப் பூமேசாவுக்குச் சொல்ல வேறு ஆள் வேண்டியதில்லை.

தெருமுனையில் நின்று வங்கிக்குப் போன் போட்டாள். அட்டையை நிறுத்த வேண்டும் என்றாள். அந்தப் பக்கத்துப் பெண் மரியாதையாகத்தான் பேசினாள். கணக்கு யாருடையதோ அவர்களே பேச வேண்டும், வேறு வழியில்லை என்றாள்.

திரும்பும் வழியில் சவ அடக்கக் கடை. கால் தானாக நின்றது. கடைக்காரர் ஒரு பெட்டிக்கு மெருகு போட்டுக்கொண்டிருந்தார். பணத்தை சனிக்கிழமைக்குள் தர முடியாமல் போகலாம் என்று தொடங்கியவள், அடுத்த வாக்கியம் கிடைக்காமல் திணறினாள். இப்படிக் கேட்பது அவளுக்கு வாழ்க்கையில் முதல் தடவை.

"மண்ணு போட்டதுக்கு அப்புறம் குடு" என்றார் அவர், தலையைத் தூக்காமல்.

"வட்டி?"

"என்ன வட்டி? உங்கப்பா என் ஆளுங்களை மழையில எத்தனை தடவை ஏத்திட்டு வந்திருக்காரு. நான் டிக்கெட்டா குடுத்தேன்?"

இவ்வளவுதானா என்று இருந்தது அவளுக்கு. ஞாயிறு இரவு அம்மாவும் இப்படி ஒரு கதவைத் தட்டியிருந்தால். ஆனால் பேருந்துக்காரரின் மனைவி என்று தெருவில் பேர். சக்கரை இல்லை என்று சொல்ல அந்தப் பேர் விட்டிருக்காது. பூமேசாவிடம் எதையும் சொல்ல வேண்டியதில்லை. அட்டையை நீட்டினால் போதும். அந்த வசதிக்குத்தான் அந்த வட்டி.

*

வீட்டுப் பின்புறத்தில் மூன்று கால் இரும்புப் பானைகளைக் கவிழ்த்துக் கரி தேய்த்துக்கொண்டிருந்தார்கள். சிந்திலேயின் அக்கா வுயெல்வா ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து மேற்பார்வை பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய ஓய்வூதிய அட்டை ஒரு கைக்குட்டைப் பொட்டலத்தில், ரவிக்கையின் உட்புறம், பெரிய ஊக்கு ஒன்றில் தொங்கும். பேசும்போதெல்லாம் அவள் கை அதைத் தொட்டுப் பார்த்துக்கொள்ளும்.

சுகிஸ்வாவின் தம்பி லூவோ போனை நீட்டிக் காட்டினான். "அக்கா, சனிக்கிழமைச் சாப்பாட்டுக்கு வெட்டற மாட்டு வேலை முடிஞ்சுது. நாலாயிரம். இந்தக் கடன் ஆப்ல ஓகேவ அழுத்தினா பத்து நிமிசத்துல கணக்குல விழும். மாட்டு வியாபாரிக்கு அதைக் குடுத்தா நாளைக்கே ஏத்தி விடுவாரு. மிச்சம் பத்தாயிரம் அடுத்த வாரம்."

"அழுத்திட்டியா?"

"இல்ல. உன்கிட்ட ஒரு வார்த்தை..."

"திரும்ப எவ்வளவு கட்டணும்?"

"நாலாயிரத்துத் தொள்ளாயிரம். இருபத்தஞ்சாம் தேதி சம்பளத்துல அவங்களே எடுத்துக்குவாங்க."

"உன் சம்பளம் ஏழு. மீதி ரெண்டாயிரத்து நூறு. ஃபேக்டரிக்கு டாக்ஸியில போக வரவே எண்ணூறு. பத்தாம் தேதி கையில என்ன இருக்கும்?"

லூவோ போன் திரையைச் சட்டையில் துடைத்தான்.

"நான் சொல்லட்டுமா? கையில அதே போன் இருக்கும். அதே ஓகே இருக்கும்."

"எல்லாரும் தான் வாங்கறாங்க."

"வாங்காதேன்னு சொல்லலடா. மருந்துக்குக் காசு இல்ல, வேற வழியில்லைன்னா வாங்கித்தான் ஆகணும். ஒரு தடவை வாங்கி ஒரே தடவையில முடிக்க முடியும்னா வாங்கு. அதுக்கு முன்னாடி சும்மா கிடைக்கற இடத்துல கேட்டியா? உன் ஃபோர்மேன் அட்வான்ஸ் தருவாரே. வட்டி கிடையாது."

"அந்தாளுகிட்டயா? மூக்கை அப்படித் தூக்குவான்."

"எவ்வளவு தூரம் தூக்குவாரு? தொள்ளாயிரம் ராண்ட் உயரத்துக்கா?"

பானை தேய்த்துக்கொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள். வுயெல்வாவின் கை பொட்டலத்தைத் தொட்டது.

"மலைக்குப் போயி, சடங்கு முடிச்சு, ஆம்பளையா இறங்கி வந்த பையன்கிட்ட பேசற பேச்சா இது, சுகிஸ்வா?"

"அத்தை, மாடு பதினாலாயிரம்."

"அதுக்கு? என் தம்பி ஒரு ஆட்டோட போறதா? இந்தத் தெருவுல பழைய இரும்பு பொறுக்கினவன் செத்ததுக்கே மாடு விழுந்துது. மாடு இல்லாத சாவை ஜனங்க செத்தான்னு சொல்ல மாட்டாங்க. காணோம்னு சொல்லுவாங்க."

"ஜனங்க சாப்பிட்டுட்டுப் போயிருவாங்க, அத்தை. ஜூலைக் குளிர்ல எங்களுக்கு யாரு போடுவாங்க?"

"துக்க வீட்டுல அடுப்புக் கணக்குப் பேசற பொண்ணை இப்பத்தான் பாக்கறேன்."

சுகிஸ்வா லூவோவின் கையைப் பிடித்துக் கோழிக்கூண்டுப் பக்கம் இழுத்துப் போனாள். கார்டு விஷயத்தைச் சொன்னாள். பூமேசா, இரண்டாயிரம், ரகசிய எண், அப்பாவின் பேரில் சொல்லும் எட்டாயிரம், எல்லாம். லூவோவின் முகம் இருண்டது.

"இப்பவே போயி அந்த டப்பாவ ஒடச்சு..."

"ஒடச்சுட்டு? அடக்கத்தன்னிக்கு நீ போலீஸ் ஸ்டேஷன்ல இருப்ப. பெட்டியோட முன்பக்கத்த யார் தூக்குவா?"

அவன் கூண்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். இருபத்து மூன்று வயசு. ஞாயிற்றுக்கிழமையிலிருந்து எல்லாரும் அவனை வீட்டுத் தலைவன் என்று கூப்பிடுகிறார்கள். அவன் இன்னும் அழவில்லை.

"சரி" என்றான் கடைசியில். "மத்தியான ஷிப்டு மாறறதுக்குள்ள ஃபோர்மேனைப் பிடிச்சு, ஒரு ஆட்டுக்கு வழி பண்றேன்." போனில் அந்தப் பக்கத்தை மூடினான். ஓகே மறைந்தது.

அவர்கள் திரும்பியபோது வுயெல்வா நாற்காலியில் இல்லை. சுவருக்கு இந்தப் பக்கம், தண்ணீர்க் குழாயருகே, கைப்பையோடு நின்றிருந்தாள்.

"கிளினிக்குக்குப் போயி மாத்திரை வாங்கிட்டு வரேன்" என்று பொதுவாகச் சொல்லிவிட்டு நடந்தாள். எவ்வளவு நேரம் அங்கே நின்றிருந்தாள் என்று யாரும் கேட்கவில்லை.

*

சுகிஸ்வா மெத்தையருகே மண்டியிட்டாள். வங்கி எண்ணைப் போனில் போட்டுவைத்திருந்தாள்.

"அம்மா, நீங்கதான் பேசணும். உங்க குரல்தான் வேணுமாம். கார்டை நிறுத்தச் சொல்லுங்க."

"நிறுத்திட்டா?"

"அவ எடுக்க முடியாது. அப்பா எட்டாயிரம் பாக்கி வெச்சாருன்னு சொல்லி அதையும் சேத்து எடுக்கப் பாக்கறா."

"நாமளும்தான் எடுக்க முடியாது. புதுக் கார்டு வாங்க வங்கிக்குப் போகணும். நான் கேட்டைத் தாண்ட முடியாது. தாண்டினாலும் அடையாள அட்டை அவகிட்ட."

"அடக்கம் முடியட்டும், புதுசுக்கு எழுதிப் போடலாம். வாரக்கணக்குல ஆகும். ஆகட்டும். பணம் அங்கயே இருக்கும். பெட்டிக்காரர் பொறுத்துக்கறேன்னுட்டாரு. லூவோ ஆட்டுக்குப் போயிருக்கான்."

"ஆடா?"



நொமாலிசோ போர்வை ஓரத்தைச் சுருட்டினாள், பிரித்தாள். "அவரு நிஜமாவே அவகிட்ட வாங்கினாரான்னு எனக்குத் தெரியாது, சுகி. இல்லைன்னு சண்டை போடலாம்னா, தெரியாதே. இருபத்தாறு வருசம் கூட இருந்தேன்."

பிறகு சுவரோரம் இருந்த பெண்களைப் பார்த்தாள். சுகிஸ்வாவும் பார்த்தாள்.

"மாடோலோ அம்மா, கொஞ்சம் வெளிய இருக்கறீங்களா? ஒரு போன் பேசணும்."

"பேசட்டுமே. விதவையத் தனியா விட்டு எந்திரிச்ச வழக்கம் எங்க குழுவுல இல்ல" என்றாள் மாடோலோ. மற்ற மூன்று பேரும் அசையவில்லை.

நொமாலிசோ போனை வாங்கினாள். காதில் வைத்தாள். பேர் சொன்னாள். பிறந்த தேதி சொன்னாள். அறையில் ஒருத்தி இருமினாள். அது அடங்கியதும் அந்தப் பக்கத்துக் குரல் எல்லாருக்கும் கேட்டது. பழைய போன், ஒலியைக் குறைக்கும் பொத்தான் வேலை செய்யாது.

"கார்டு தொலைஞ்சுதா மேடம், திருடு போச்சா?"

நொமாலிசோ கண்ணை மூடினாள். இரண்டில் ஒன்றைச் சொன்னால் போதும். சுகிஸ்வா உதட்டசைவில் 'தொலைஞ்சுது' என்று காட்டினாள்.

"தொலையல" என்றாள் நொமாலிசோ. "திருடும் போகல. நான்தான் குடுத்தேன்."

"யார்கிட்ட மேடம்?"

"கடன் குடுத்தவகிட்ட. வீட்டுல சாவு. ஜனங்களுக்குக் குடுக்கச் சக்கரை இல்ல."

 பிறகு அந்தக் குரல் தணிந்து வந்தது. "ரகசிய எண்ணும் குடுத்தீங்களா?"

"குடுத்தேன்."

"லைன்ல இருங்க மேடம்."

பாட்டு ஓடியது. ஏதோ சந்தோஷமான பாட்டு. அந்த அறையில் அது முடிவில்லாமல் ஓடியதுபோல இருந்தது. நொமாலிசோ போனைக் காதிலிருந்து எடுக்கவும் இல்லை, தலையைத் தூக்கவும் இல்லை.

"நிறுத்தியாச்சு. இருபதாயிரம் ஒரு மணி நேரத்துக்கு முன்னாடி விழுந்திருக்கு. யாரும் தொடல. வேற ஏதாவது உதவி வேணுமா மேடம்?"

"வேணாம்மா."

போனைப் போர்வைமேல் வைத்தாள். இப்போதுதான் அழுவாள் என்று சுகிஸ்வா எதிர்பார்த்தாள். அழவில்லை. வெட்கத்துக்கு அழுகை வராது போலிருக்கிறது.

மாடோலோ வேதப் புத்தகத்தை மூடினாள். "ஏம்மா, ஞாயித்துக்கிழமை ராத்திரி என் வீட்டுக் கதவு எங்க போயிருந்துது?"

நொமாலிசோ போர்வையை மோவாய்வரை இழுத்துக்கொண்டாள்.

"நாங்க வாராவாரம் பெட்டியில போடற காசு எதுக்கு? பாதிரியார் காருக்கு டயர் வாங்கறதுக்கா? இந்த மாதிரி ஒரு ராத்திரிக்குத்தானே. சக்கரை இல்லைன்னு ஒரு வார்த்தை. அவ்வளவுதான். நூத்துக்குப் பத்து காசு கூடக் கேட்டிருக்க மாட்டோம்."

குரலில் கோபம் இருந்தது. ஆனால் கை நீண்டு நொமாலிசோவின் பாதத்தின் மேல் போர்வையை இழுத்துவிட்டது. மற்ற பெண்களில் ஒருத்தி முட்டைக்கோஸ் மூட்டை ஒன்று கொண்டுவருவதாகச் சொன்னாள். இன்னொருத்தி பூசணி. மூன்றாமவள் உடைத்த சோளமும் பயறும் தன் பொறுப்பு என்றாள்.

சுகிஸ்வா தேநீர் போட எழுந்தாள். கதவருகே மாடோலோ அவள் பாவாடையைப் பிடித்து நிறுத்தினாள். மற்றவர்களுக்குக் கேட்காதபடி கேட்டாள்.

"அந்த வங்கி நம்பர். அதை ஒரு துண்டுச் சீட்டுல எழுதிக் குடு. யார்கிட்டயும் சொல்லாத."

*

சாயங்காலப் பிரார்த்தனைக்குக் கூட்டம் சேர்ந்துவிட்டது. அறைக்குள் பாட்டு எழும்பி, ஜன்னல் வழியாக முற்றத்துக்கு வந்து, அங்கிருந்தவர்களின் குரலையும் சேர்த்துக்கொண்டது. பூமேசா வரவில்லை. யாராவது வந்த ஒவ்வொரு தடவையும் சுகிஸ்வா கேட்டைப் பார்த்தாள். டப்பாவில் இருக்கும் ஒரு அட்டை இனி வெறும் பிளாஸ்டிக் என்பது இதற்குள் மெஷின் முன்னால் தெரிந்திருக்கும். அதற்கான கணக்கு வேறொரு நாள் வரும்.

லூவோ வந்தான். தெருமுனையில் டாக்ஸியிலிருந்து இறங்கி, ஒரு ஆட்டைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்து வந்தான். ஃபேக்டரி உடுப்பெல்லாம் ரோமம்.

"குடுத்தாரா?"

"ரெண்டாயிரம். மூணு மாசத்துல பிடிச்சுக்கறாராம். வட்டி இல்ல." ஆட்டை இறக்கினான். "மூக்கைத் தூக்கல, அக்கா. தொப்பியக் கழட்டினாரு. அப்பா பஸ்ஸுலதான் ஸ்கூலுக்குப் போனாராம்."

அதைச் சொல்லும்போதுதான் அவன் குரல் உடைந்தது. ஆட்டின் கழுத்தைக் கட்டிக்கொண்டு, முகத்தை ரோமத்தில் புதைத்துக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமையிலிருந்து சேர்த்து வைத்திருந்ததை அழுதான். சுகிஸ்வா அவன் முதுகில் கைவைத்து நின்றாள். ஆடு பொறுமையாக இருந்தது.

அப்போது கேட்டுக்கு வெளியே ஒரு சிறிய சரக்கு வண்டி பின்பக்கமாக வந்து நின்றது.

மாடு கத்தியது. பாட்டு ஒரு அடி தடுமாறி, மறுபடி தொடர்ந்தது.

பழுப்பும் வெள்ளையுமாக, நல்ல அகலமான காளை. ஓட்டுநர் இறங்கிப் பின்கதவின் தாழ்ப்பாளில் கைவைத்தான். கயிற்றின் நுனி அவன் மணிக்கட்டில் சுற்றியிருந்தது.

"சிந்திலே வீடு தானே இது?"

சுகிஸ்வா தம்பியைத் திரும்பிப் பார்த்தாள்.

"நான் அழுத்தல" என்றான் லூவோ. கண்ணீர் காயாத முகத்தோடு போனை எடுத்துக் காட்டப் போனான். "சத்தியமா அழுத்தல, அக்கா."

"நாலாயிரம் வந்துருச்சு" என்றான் ஓட்டுநர். "மிச்சம் பத்து திங்கக்கிழமை. பாலிசிப் பணம் இன்னிக்கு விழுதாமே, பெரியம்மா சொன்னாங்க."

"எந்தப் பெரியம்மா?"

அவன் மோவாயால் காட்டினான். வண்டியின் முன்கதவைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு காலாக, வுயெல்வா இறங்கிக்கொண்டிருந்தாள். சால்வையைச் சரிசெய்தாள். யாரையும் பார்க்காமல் கேட்டை நோக்கி வந்தாள். "என் தம்பிய யாரும் காணோம்னு சொல்லக் கூடாது" என்றாள். வழக்கம்போல அவள் கை ரவிக்கைக்குள் போயிற்று. போன கை அங்கேயே நின்றுவிட்டது.

ஊக்கு இருந்தது. பொட்டலம் இல்லை.

சுகிஸ்வாவுக்குப் புரிந்தது. பூமேசாவின் கடைக்கு இன்று இந்த வீட்டிலிருந்து இரண்டு பேர் போயிருக்கிறார்கள்.

"அத்தை" என்றாள். "கிளினிக்குக்குப் போறேன்னு தானே சொன்னீங்க?"

வுயெல்வா காளையைப் பார்த்தபடி நின்றாள். கிழட்டுக் கழுத்து விறைத்திருந்தது. "அவ ஒரு பேச்சு பேசல. அட்டைய வாங்கினா, எண்ணிக் குடுத்தா. சொந்தப் பிள்ளைங்கதான் கணக்குக் கேக்குது."

"காளைய உள்ள விடட்டுமா?" என்றான் ஓட்டுநர். "சீக்கிரம் சொல்லுங்க. கேட்டைத் தாண்டிருச்சுன்னா நான் திருப்பி எடுக்க மாட்டேன். துக்க வீட்டுக்குள்ள போன உருப்படிய வேற யாரும் வாங்க மாட்டாங்க."

 லூவோ ஆட்டைப் பிடித்துக்கொண்டிருந்தான். வீட்டுத் தலைவன் என்று பகலெல்லாம் கூப்பிட்ட ஆண்கள் இப்போது அவனைப் பார்த்தார்கள். அவன் அக்காவைப் பார்த்தான்.

உள்ளே பாட்டு நின்றது. முடிந்து நிற்கவில்லை, பாதி வரியில் நின்றது.

மாடோலோ வாசலுக்கு ஓடிவந்தாள். வெள்ளைத் தொப்பி ஒருபக்கம் சரிந்திருந்தது.

"சுகிஸ்வா, உங்கம்மா எழுந்துட்டா."

அவள் பின்னாலேயே கறுப்புப் போர்வை வந்தது. நொமாலிசோ வாசற்படியில் வெறுங்காலோடு நின்றாள். நான்கு நாளாக மடக்கியிருந்த கால்கள் நடுங்கின. முற்றத்திலிருந்த ஆண்கள் தலையைத் திருப்பிக்கொண்டார்கள். புதைக்காத கணவனின் மனைவியை வெளிச்சத்தில் பார்க்கக் கூடாது. அவள் ஆட்டைப் பார்க்கவில்லை. காளையையும் பார்க்கவில்லை. நாத்தனாரின் ரவிக்கையில் திறந்து கிடந்த ஊக்கையே பார்த்தாள்.

"அண்ணி" என்றாள். "எவ்வளவுக்கு?"

வுயெல்வாவின் உதடு அசைந்தது. 

"நாலாயிரம். வட்டியோட ஆறாயிரம்."

"உங்க மூணு மாசச் சாப்பாடு."

"என் தம்பி, மாகாபா." நொமாலிசோவை அவள் பிறந்த குலத்தின் பேரால்தான் எப்போதும் கூப்பிடுவாள். இன்று அந்தப் பேரில் அதட்டல் இல்லை. "எனக்கு இருந்தது அவன் ஒருத்தன்."

கேட்டுக்கு அப்பால் ஓட்டுநர் தாழ்ப்பாளைத் தூக்கினான். காளை ஒரு காலைப் பலகையில் வைத்தது. நொமாலிசோ போர்வையை இறுக்கிக்கொண்டு வாசற்படியிலிருந்து இறங்கினாள். மண்ணில் கால் வைத்தாள். காளை உள்ளே வருமுன் அதை மறிக்க, கேட்டை நோக்கி நடக்கத் தொடங்கினாள்.